சுவர் தாண்டிய பந்து

எங்கள் மைதானத்தில் கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. பின்னால் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மாநகராட்சிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயின் கரை, கரைக்கு மேலே பறக்கும் ரயில். மண்டைவெளிக்காரர்களுக்கு இடம் தெரியும். பந்து சுவரைத் தாண்டிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கரை முழுக்க முள்ளும் குப்பையும், நாற்றம் வேறு. உதைத்தவன்தான் போய் எடுத்துவர வேண்டும் என்று எங்களுக்குள் சட்டம். உதைத்தவனுக்குச் சரியாக அந்த நேரம் பார்த்துக் கால் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் எப்போதாவது ஒரு காலையில், தாண்டிப்போன பந்து யாரும் போய் எடுக்காமலே திரும்பி வரும். சுவருக்கு மேலே எழும்பி வந்து, மைதானத்தின் நடுவட்டத்தில் விழும்.

"வந்துட்டான்டா" என்பான் யாராவது ஒருவன்.

அப்படித்தான் அவன் திரும்பி வருவான். எங்கள் கிளப்பை விட்டுப் போவான், வருவான். மறுபடி போவான், மறுபடி வருவான். மைதானத்துக்கு வாசல் இல்லாமல் இல்லை. பகல் இரவு திறந்துதான் கிடக்கும், மாடு கூட உள்ளே வரும். இவன் மட்டும் வரமாட்டான். கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் திருப்பி உதைத்துக்கொண்டிருப்பான். உள்ளே வா என்று யாராவது கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அன்றைக்கு முழுக்க அங்கேயே நிற்பான், மறுநாளும் வந்து நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டு வாங்கத் தெரியாத மனிதர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கோபம்தான்.

பெயர் சொல்லப்போவதில்லை. நாலு பேர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காதைச் சொறிகிற ஆள். நொச்சிக்குப்பத்துக்காரன். இடதுகால் ஆட்டக்காரன். அவனிடம் பந்து வந்தால் அடுத்து அவன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாதபோது எதிரணித் தடுப்பாட்டக்காரனுக்கு எப்படித் தெரியும்?

நான் எங்கள் அணியின் கோல்கீப்பர். பிழைப்புக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவு. விடியற்காலையில் பந்தைப் பிடிப்பேன், பத்து மணிக்குமேல் சேலையை விரித்து மடிப்பேன். விரல் வீங்கிக் கடைக்குப் போனால் மேற்பார்வையாளர் என் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவனான அவன் என்னை அண்ணன் என்றெல்லாம் கூப்பிட்டதில்லை. கீப்பரே என்பான். அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கிளப்புக்கு ஒரு செகரெட்டரி மாமா இருந்தார். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் வீடு. பழைய மொபெட்டின் முன்கூடையில் எலுமிச்சம்பழமும் குளுகோஸ் டப்பாவும் வைத்துக்கொண்டு ஐந்தரைக்கெல்லாம் வந்து நிற்பார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பந்து வந்ததும் மாமாதான் போய்ச் சுவரோரமாக நின்று குரல் கொடுப்பார்.

"ஏண்டா, வந்துட்டியா? ஆத்துல சொல்லிண்டாவது வந்தியா, இல்லே அங்கேயிருந்து நேரா இங்கேதானா?"

சுவருக்கு அந்தப் பக்கம் முள் மிதிபடும் சத்தம் கேட்கும்.

"உள்ள வந்து தொலை. கால்ல முள்ளு குத்திண்டு நிக்காதே."

அடுத்த நொடி சுவர்மேல் இரண்டு கை தெரியும். ஏறிக் குதித்து, லுங்கியை அவிழ்த்து மடித்து வைத்தால் உள்ளே அரைக்கால் சட்டை தயாராக இருக்கும். ஏன் வந்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் ஒரு காரணம் சொல்வான், அதைக் கேட்டால் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாது.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று மாமாவுக்கே தெரியாது. வேறு அணிக்குப் போகிறவன் கடைசி நாள் பயிற்சி முடிந்ததும் என் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பக்கத்துக் கோலில் நிற்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒரு பெனால்டி அடிப்போம். அதுதான் வழியனுப்புவது. மாலை கிடையாது, பேச்சு கிடையாது. எல்லாப் பந்தையும் விட்டுவிட்டால் போகிற இடத்தில் நிலைப்பான் என்று ஒரு நம்பிக்கை. ஒரே ஒரு பந்தைப் பிடித்துவிட்டால் போதும், திரும்பி வந்துவிடுவான். ஆகவே போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார்கள், நாங்களும் கத்திக் கலாட்டா செய்து அடிப்போம். கீப்பர் கடைசியில் அடிப்பது முறை.

முதல் தடவை அவனை எடுத்துக்கொண்டது நகரத்திலேயே ஓர் அலுவலக அணி. அங்கே ஒழுங்காக ஆடினால் வேலை நிரந்தரமாகும். விளையாட்டுக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? மீன்பாடு இல்லாத மாதங்களில் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று எங்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் மனசார அடித்தார்கள், அத்தனையையும் விட்டான். கடைசியில் நான் அடித்தேன். கோல்கீப்பர்களின் உதை எப்படியிருக்கும் என்று தெரியுமல்லவா? வாடிக்கையாளர் கையில் பார்சலைக் கொடுப்பதுபோல நேராக அவன் நெஞ்சுக்குப் போனது. பிடித்துவிட்டான்.

"ஏன்டா பிடிச்சே?"

"இன்னா பண்றது கீப்பரே, கைக்குள்ள வந்து குந்திக்கிச்சு."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த வருடம் அவனில்லாமல் நாங்கள் தோற்றுக்கொண்டே வந்தோம். கடைசி ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பந்து வந்தது. சத்தியமாக யாரும் அவனைக் கூப்பிடவில்லை. டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறான், மறுநாள் போய் அந்த அணியில் சொல்லிவிட்டு வந்துவிட்டான். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் வேலை நிரந்தரமாகியிருக்கும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மாமா தலையில் அடித்துக்கொண்டார். தலையில் அடித்துக்கொண்டே எங்கெங்கோ அலைந்து, லீக் அலுவலகத்தில் அனுமதியும் வாங்கிவந்தார். எங்கள் மனசாட்சியின் லட்சணம் அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தில் அவன் போட்ட கோலை நான் எதிர்முனையிலிருந்து பார்த்தேன். வலது பக்கம் போவதுபோல உடம்பைக் காட்டினான், மூன்று பேர் அந்த உடம்பின் பின்னால் போனார்கள், பந்து இடதுகாலிலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு சுற்றினோம். அன்று சாயங்காலம் அவனை மொபெட்டில் வைத்துக் கடற்கரைச் சாலை வரை ஊர்வலமாகக் கொண்டுபோனோம். அவன் மனைவி சாலையோரத்தில் வவ்வால் மீன் ஒன்றைக் கழுவி அரிந்துகொண்டிருந்தாள். எங்கள் கூச்சலைக் கேட்டும் தலையைத் தூக்கவில்லை. அரிந்து முடித்து, வாடிக்கையாளரிடம் பையைக் கொடுத்து, கையைக் கழுவிய பிறகுதான் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டீங்களா?" என்றாள். "நல்லா இருங்க."

நாங்கள் மெதுவாகக் கலைந்துவிட்டோம்.

இரண்டாவது தடவை கொல்கத்தா. பெரிய ஊர், பந்துக்குப் பைத்தியம் பிடித்த ஊர், சின்ன அணியானாலும் பார்க்கக் கூட்டம் வரும் என்றார்கள். வழக்கம்போல் எல்லாரும் அடித்தார்கள், எல்லாவற்றையும் விட்டான், என் பந்தைப் பிடித்தான். இந்தத் தடவை சிரிப்பு கொஞ்சம் குறைவு. பொங்கலுக்கு முன்னாலேயே சுவர்மேல் இரண்டு கை தெரிந்தது.

அன்று பயிற்சி முடிந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டேன். "இன்னாடா ஆச்சு அங்கே? சோறு பிடிக்கலையா?"

"சோறெல்லாம் நல்லாதான் போட்டாங்கோ. மீனு வேற."

"அடிச்சாங்களா?"

"சேச்சே. ரொம்ப மருவாதியான ஜனங்க."

"அப்புறம்?"

காதைச் சொறிந்தான். "பந்து வெளிய போச்சுன்னா எடுத்தாறதுக்கு ஆளு வெச்சிக்கிறாங்க கீப்பரே. நம்ம போவ வேணாமாம். நின்னுகினே இருக்கணும். வேற பந்து ஒண்ணு கையில குடுத்துடறாங்க. எனக்கு அது பேஜாராப் பூடுச்சு."

இதையெல்லாம் ஒரு காரணம் என்று ஒருவன் சொன்னால் என்ன செய்வீர்கள்? நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். அவன் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் திட்டுகூட அவனுக்குத் தேவைப்பட்டதோ என்னவோ. மரியாதையான ஜனங்களின் நடுவில் அவனுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. இப்போது நினைத்தால் பயமாகக்கூட இருக்கிறது. ஒருவன் ஓர் இடத்தை இவ்வளவு நம்பலாமா? அதுவும் வலைகூட இல்லாத எங்களையா?

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வாங்கப் போயிருந்தேன். அவன் மனைவி தராசில் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேச்சை எடுத்தாள்.

"கீப்பரே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத."

"கேளும்மா."

"நீங்க ஏதோ பந்து அடிச்சு அனுப்புவீங்களாமே. புடிச்சா வந்துருவாராமே."

"அது சும்மா வெளையாட்டு."

"வெளையாட்டோ இன்னாவோ. மத்தவங்க பந்தையெல்லாம் உட்டுட்டு உன் பந்த மட்டும் புடிச்சுகினு வந்துகினு கீறாரு. பொண்ணு பெரிசாயிகினு வர்றா. ஒரு நெலயான வேல வோணும் எங்களுக்கு. அடுத்த தபா நீ ஓரமா அடி. அவுரு கைக்கு எட்டாத எடமா பாத்து அடி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சரி என்றேன். வீட்டுக்கு வருகிறவரை அந்தப் பை என் கையில் கனத்தது.

அடுத்த தடவை கோவா. பரிந்துரைத்ததே மாமாதான். "இவன் அஷ்டமி நவமி மாதிரிடா, போனாலும் திரும்பத் திரும்ப வந்துண்டே இருப்பான்" என்று முனகிக்கொண்டே எல்லா ஏற்பாடும் செய்தார். அந்த அணியில் கிடைக்கும் பேரை வைத்து இங்கே துறைமுகத்திலோ ரயில்வேயிலோ முயற்சி செய்யலாம் என்பது அவர் கணக்கு. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு இது கடைசி வாய்ப்பு என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்த ஒரு வாரம் நான் தனியாக நின்று பெனால்டி பழகினேன். நானாகப் பழகியது வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான். வலது ஓரம், கம்பத்தை ஒட்டி, தரையோடு. அன்று காலை எல்லாரும் அடித்து முடித்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். நான் நாலடி பின்னால் போய், பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். நினைத்த இடத்துக்கே போனது.

பாய்ந்துவிட்டான். முன்வரிசை ஆட்டக்காரன், ஜென்மத்தில் கோலுக்குள் நின்றவனில்லை, உடம்பு முழுவதையும் காற்றில் நீட்டி, மண்ணில் தோள்பட்டை உரசி, இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். நானே அதைப் பிடித்திருக்கமாட்டேன்.

எவரும் கைதட்டவில்லை. எழுந்து தோளிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினான். "தெரியாம பாஞ்சிட்டேன் கீப்பரே" என்றான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அந்தத் தடவை அவன் கெட்டுப்போன முழங்காலோடு திரும்பி வந்தான். அங்கே ஓர் ஆட்டத்தில் யாரோ வந்து விழுந்ததில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை பாதி குணமாக்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பந்து வந்தது உண்மைதான், ஆனால் நடுவட்டம் வரை வரவில்லை. கம்பத்தைக் கடந்ததும் விழுந்துவிட்டது. நாங்கள் அதைப் பார்த்தபடி நின்றோம். மாமா குரல் கொடுத்தும் சுவர்மேல் கை தெரிய நேரமானது. கடைசியில் அவன் முதல்முறையாக வாசல் வழியாக, சுற்றிக்கொண்டு வந்தான்.

அதன்பிறகு கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவனை இறக்குவார் மாமா. உடம்பை வலது பக்கம் காட்டுவான். யாரும் அதன் பின்னால் போகமாட்டார்கள், ஏனென்றால் அந்த உடம்பு இப்போது பொய் சொல்கிற வேகத்தில் இல்லை. எதிரணியில் புதிதாக வந்த பொடியன்கள் அவனிடமிருந்து பந்தை அலட்சியமாகத் தட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அவர்களைக் கொன்றுவிடலாம் போலிருக்கும். அவன் ஆட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய்க் கைகொடுப்பான். பயிற்சி நாட்களில் பெரும்பாலும் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். பந்து சுவரைத் தாண்டினால் யாரும் சொல்லாமலே வாசலைச் சுற்றி நொண்டிக்கொண்டு போவான். வேண்டாம்டா என்றால் கேட்கமாட்டான். தடுத்துப் பார்த்துவிட்டு நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு ஒரு நாள், ஒசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்றான்.

"டீம் இருக்கா அங்கே?" என்றேன்.

"இல்ல. கேட்ல நிக்கற வேல. உள்ளாறயே வீடு குடுக்கறாங்கோ. மொதல்ல நான் போறேன், பொண்ணுக்குப் பரீட்ச முடிஞ்சதும் அவங்க வருவாங்கோ."

கடைசி நாள் காலைப் பயிற்சி முடிந்தது. வெயில் ஏறிவிட்டது. அவன் என்னிடம் வந்து கையை நீட்டினான், நான் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு போய்க் கோலில் நின்றான். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"டேய், அடிக்கலையா?" என்று கத்தினேன்.

"வேற கிளப்புக்குப் போனாதானேண்ணா அடிக்கணும்" என்றான் ஒருவன். "அதுவுமில்லாம எத்தினி தபாதான் அடிக்கறது?" என்றான் இன்னொருவன். மாமா மொபெட்டை உதைத்துக்கொண்டே சொன்னார்: "தீபாவளிக்குள்ள இங்கதான் வந்து நிப்பான் பாரு. வாடா, டீ ஆறிடும்." யாருக்கும் கெட்ட மனசு இல்லை. அவன் திரும்பி வராமல் இருப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சாயங்காலச் சூரியனை இனி வராது என்று யாராவது வழியனுப்புவார்களா?

அவன் கோலில் நின்றபடி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா கீப்பரே, இன்னிக்கு யாரும் அடிக்கலியா?"

"டீக்குப் போய்ட்டானுங்க. நீ எப்படியும் வந்துருவியாம்."

கையுறையோடே காதைச் சொறிந்தான். "நெனப்பாங்கோதான்."

"கையுறையைக் குடுடா, கடைக்கு நேரமாச்சு."

"நீ அடி. அடிச்சுட்டு எடுத்துக்கோ."

அவன் மனைவி கேட்டது எனக்கு மறக்கவில்லை. ஓரமாக அடித்திருக்க வேண்டும். ஆனால் காலியான அந்த மைதானத்தில், காற்று போன அந்த முழங்காலோடு, என் கையுறையில் அவன் நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இவன் திரும்பி வரவேண்டும். எதற்கும் லாயக்கில்லாமல் வந்தாலும் பரவாயில்லை. பந்தை வைத்தேன். முன்பெல்லாம் அடித்ததைவிடவும் மெதுவாக, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, நேராக அவன் நெஞ்சுக்கு அடித்தேன்.

வருகிறவரை பார்த்தான். கையைத் தூக்கினான். பிறகு ஓரடி ஒதுங்கிக்கொண்டான்.

பந்து அவனைக் கடந்து போய்ச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவே கிடந்த பந்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பறக்கும் ரயில் ஒன்று மேலே போயிற்று. அவன் நொண்டிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவந்து என் காலடியில் வைத்தான். கையுறையைக் கழற்றி, உள்பக்க ஈரத்தைத் தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தான்.

"ஊட்ல கேட்டாங்கன்னா சொல்லு கீப்பரே. எல்லாத்தையும் உட்டாச்சுன்னு."

வாசல் வழியாகத்தான் போனான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பார்க்க அங்கே யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலைக்குப் போனேன். அவன் மனைவி சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டான்மா" என்றேன்.

"ஓரமா அடிச்சியா?"

"இல்லை. நேரா கைக்குத்தான் அடிச்சேன்."

உரசுகிற கை நின்றது. இத்தனை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "அப்ப மெய்யாலுமே போய்ட்டாரா" என்றாள். அப்புறம் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை உரசத் தொடங்கினாள். பரீட்சை முடிந்ததும் அவளும் பெண்ணும் கிளம்பிப் போனார்கள். அந்த இடத்தில் இப்போது வேறொருத்தி மீன் விற்கிறாள்.

தீபாவளி வந்தது, போயிற்று. பிறகும் பல தீபாவளிகள். எங்கள் வாட்ஸாப் குழுவில் இருக்கிறான். யாருக்காவது பிறந்தநாள் என்றால் இரண்டு கை கூப்பிய படம் ஒன்று போடுவான், அதோடு சரி. புரொஃபைல் படத்தில் நீலச் சீருடையும் தொப்பியுமாக ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்கு முன்னால் நிற்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். உடம்பு போட்டிருக்கிறது. பெண் கல்லூரிக்குப் போகிறாளாம். நல்லதுதானே? நல்லதுதான். நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டாகிவிட்டது.

நான் இப்போது ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், புதிய பையன்கள் ஆடுவதைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வருவேன். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன வாரமும் ஒருத்தன் ஓங்கி உதைத்ததில் பந்து சுவரைத் தாண்டியது. அவன் எடுக்க ஓடினான்.

"இரு" என்றார் மாமா.

"இன்னாத்துக்கு மாமா?"

மாமா சுவருக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். அந்தப் பையன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சுவர் சும்மா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, போ" என்றேன்.